வன்னியில் பிள்ளைகளுக்கான தடுப்பூசி: சட்டம் போட்டால் கூடுமா?

முல்லைத்தீவுப் பக்கம் படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இலங்கையில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயமா? வெளிநாடுகளில் இருப்பதுபோல இங்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று எங்கள் பாடசாலையில் சிலர் சொல்கிறார்கள். வன்னிச் சனம் இதை ஏற்குமா? இன்னொன்று. என் அக்காவின் மகனுக்கு இப்போது இரண்டு வயது. வவுனியாவுக்கு வீடு மாறியதில் ஒன்றரை வயது ஊசி தவறிவிட்டது. இனி என்ன செய்வது?"

நான் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பொதுச் சுகாதாரத் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் வேலையில் பெரும் பகுதி ஊசிக் கிளினிக்குகளில்தான் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

சட்டக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அதுதான் சுருக்கமானது. இப்போது நம் பிள்ளைகளுக்குப் போடும் ஊசிகளைப் போடாத பெற்றோருக்குத் தண்டம் விதிக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1886இல், பெரியம்மைக்கு அம்மைப்பால் கட்டுவதைக் கட்டாயமாக்கி ஒரு கட்டளைச்சட்டம் கொண்டுவந்தார்கள். பெரியம்மை உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். அதற்குச் சற்று முன்னர், 1978இல், இன்றைக்கு நாம் காணும் பிள்ளைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அது தண்டத்தை நம்பித் தொடங்கிய திட்டமில்லை. கிராமத்துக்குக் கிராமம் ஒரு மிட்வைஃப், மாதத்தில் குறித்த நாளில் கிளினிக், பிள்ளையின் வளர்ச்சியும் ஊசியும் ஒன்றாய் எழுதப்படும் ஒரு கார்ட், இவ்வளவையும் நம்பித் தொடங்கியது. முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது அந்தக் கார்டைக் கேட்பது வழக்கம். தவறிய ஊசி இருந்தால் கண்டுபிடித்துப் போட அது ஒரு நல்ல சந்தர்ப்பம்.

தண்டம் இல்லாமலேயே நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் குழந்தைப் பருவ ஊசிகளைப் போட்டு முடிக்கிறார்கள். கடைசி இளம்பிள்ளைவாத (போலியோ) நோயாளியை இந்த நாடு கண்டது 1993இல். சின்னமுத்தையும் ரூபெல்லாவையும் ஒழித்துவிட்டோம் என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் மாலைதீவையும் எங்களையும் சேர்த்து அறிவித்தது. பணக்கார நாடுகள் பல எட்டாத இடம் அது.

சரி, வன்னிச் சனம் என்ன நினைக்கிறது? இந்தக் கேள்விக்கு நாட்டுப் புள்ளிவிவரத்தை மட்டும் காட்டிப் பதில் சொல்லக்கூடாது என்பது என் நிலைப்பாடு. 2006, 2007இல் நடந்த குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பு வடமாகாணத்துக்குள் வரவே இல்லை. அடுத்தது 2016இல்தான் நம்மையும் எண்ணியது. இடையில் வன்னிக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்குள்ள சனத்தின் எண்ணம் அந்த இடைப்பட்ட காலத்திலும் அதற்கு முந்திய பதினைந்து வருடத்திலும் உருவானது.

வயதானவர்களிடம் இருந்து தொடங்குகிறேன். கிளினிக்குக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மம்மாக்களில் ஊசி வேண்டாம் என்றவரை நான் கண்டது அருமை. அவர்களுக்கு இந்த நோய்களின் முகம் தெரியும். குக்கல் இருமலில் பிள்ளை மூச்சிழுக்க முடியாமல் நீலம் பாரித்ததையும், பிறந்து ஒரு கிழமை ஆவதற்குள் வாய் இறுகி ஏற்புவலியில் போன பச்சைக் குழந்தைகளையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதும் பிள்ளைக்கு ஊசி போடுவதும் அவர்களுக்கு ஒன்றுக்கொன்று பகையில்லை. வீட்டில் யாருக்காவது அம்மாள் வருத்தம் வந்தால் தண்ணி வார்த்து முடியும்வரை கிளினிக்குக்கு வரமாட்டார்கள், அது உண்மை. கொப்புளிப்பான் தொற்றும் நோய் என்பதால் மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்லதுதான். முடிந்ததும் தாங்களாகவே வந்துவிடுவார்கள்.

வன்னிச் சனம் ஊசியை ஏற்பதற்கான இரண்டாவது காரணத்தை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கடினம். போர் நடந்த காலத்தில் இங்கே இரண்டு அதிகாரங்கள் இருந்தன. இரண்டும் எதிலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் 1995 முதல், போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில், யூனிசெப்பின் முயற்சியால் இரு தரப்பும் சுடுவதை நிறுத்தின. சொட்டு மருந்து எல்லை தாண்டி வந்தது, பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள், அதற்குப் பிறகு சண்டை தொடர்ந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களிலும் அரசாங்கச் சம்பளம் வாங்கிய சுகாதார ஊழியர்கள்தான் பெரும்பாலும் வேலை செய்தார்கள். போதாத இடங்களில் அயலில் உள்ள பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தொண்டர்களாகச் சேர்த்தோம். இதனால் ஊசி என்பது ஒரு தரப்பின் ஊசியாக இங்கே ஒருபோதும் பார்க்கப்படவில்லை. அது பிள்ளைக்கு உரியது, அவ்வளவுதான். வன்னியில் தடுப்பூசிக்கு இருக்கும் ஆதரவின் அடித்தளமே இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் மருந்தைக் கெடாமல் வைத்திருக்கப் பட்ட பாட்டையும் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. தடுப்பு மருந்தை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்யில் ஓடும் குளிர்ப்பெட்டி இருந்தால் மண்ணெண்ணெய்க்குத் தடை. ஐஸ் வைத்த பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குளத்துக் கட்டு வழியே போவோம். சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டு வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தை எறிய வேண்டியதுதான். முக்கோம்பன், அக்கராயன் பக்கத்துத் தாய்மார் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களாக இருந்தாலும் அந்தச் சதுரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். அப்படிக் கேட்ட தாய் ஊசியை எதிர்த்தவள் இல்லை, நல்ல மருந்தாகப் போடு என்றுதான் கேட்டாள். இந்த வித்தியாசத்தை இன்றைக்குக் கொள்கை வகுப்பவர்களும் பிடித்துக்கொண்டால் நல்லது. கேள்வி கேட்கும் பெற்றோர் எல்லோரையும் எதிர்ப்பாளர் பட்டியலில் போடுகிற பழக்கம் இப்போது பரவி வருகிறது.

2009இல் எல்லாம் அறுந்தது. 2008 செப்டெம்பரில் சர்வதேச நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. அதன் பிறகு கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்துகொண்டே போனபோது கிளினிக் நாள் என்று ஒன்று இருக்கவில்லை. முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் அடைபட்டிருந்தது. கொப்புளிப்பான் பரவியது, செங்கமாரி பரவியது. அத்தனை நெருக்கத்தில் சின்னமுத்து புகுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. முகாமில் முதலில் செய்த வேலைகளில் ஒன்று பிள்ளைகளுக்குத் தவறிய ஊசிகளைப் போட்டது. கார்ட் இருந்தவர்கள் குறைவு. நகையை விட்டுவிட்டுப் பிள்ளையின் கார்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த தாய்மாரும் இருந்தார்கள். கார்ட் இல்லாத பிள்ளைகளுக்கு இடது தோளைத் தடவிப் பார்ப்போம். காசநோய்க்காகப் பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசியின் தழும்பு அங்கே இருந்தால் ஒன்றாவது போட்டிருக்கிறது என்று தெரியும். மற்றவற்றைத் திரும்பப் போட்டோம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொரு முறை போடுவதால் கெடுதல் இல்லை.

இவ்வளவையும் சொன்னது, வன்னியில் சந்தேகமே இல்லை என்று காட்டுவதற்காக இல்லை. சந்தேகம் இருக்கிறது, கூடியும் வருகிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மிகப் பழைய சந்தேகம் காய்ச்சல். 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்க்கான ஊசியிலும் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமாக ஒன்றரை வயதில் போடும் முக்கூட்டு ஊசியிலும் குக்கல் கிருமியை முழுதாகக் கொன்று சேர்த்திருக்கிறார்கள். அதனால் காய்ச்சலும் வீக்கமும் வருவது உண்டு. ஒன்றரை வயதுப் பிள்ளை ஓடித் திரிந்த பிள்ளை. ஊசி போட்ட அன்றிரவு கால் வீங்கி நடக்காமல் அழுதால் தகப்பனுக்குக் கோபம் வரும். "நல்லாயிருந்த பிள்ளையைக் கொண்டுபோய் வருத்தமாக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்று தாய்க்குத்தான் ஏச்சு விழும். வவுனியா நகரில் வசதியுள்ளவர்கள் "காய்ச்சல் வராத ஊசி" என்று தனியார் இடங்களில் காசு கொடுத்துப் போடுகிறார்கள். அதில் குக்கல் கிருமியின் சில பகுதிகள் மட்டுமே இருக்கும், காய்ச்சல் குறைவு என்பது உண்மை. ஆனால் குக்கலுக்கு எதிரான காப்பு நெடுங்காலம் நிற்பது பழைய ஊசியில்தான். காசு கொடுத்தால் எல்லாவற்றிலும் கூடியது கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சல் வரும், வந்தால் நிறைக்கேற்ற அளவில் பனடோல் பாணி கொடுங்கள், இரண்டு நாளைக்கு மேல் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சொல்லாமல் விட்டால் அடுத்த ஊசிக்கு அந்தத் தாய் வருவதற்குப் பயப்படுவாள்.

அப்புறம், செய்திகளால் வரும் பயம். ஐந்து நோய்க்கான ஊசியை 2008 ஜனவரியில் தொடங்கி, சில குழந்தைகளின் இறப்புக்குப் பிறகு ஏப்ரலில் நிறுத்தினார்கள். நிபுணர் குழு ஆராய்ந்த பின்னர் 2010இல் மீண்டும் தொடங்கினார்கள். 2009இல் மாத்தறையில் பாடசாலை மாணவி ஒருவர் ரூபெல்லா ஊசி போட்ட பின் இறந்தார். இப்படி ஒன்று நடந்தவுடன் நிறுத்தி, ஆராய்ந்து, காரணத்தைச் சொல்லித் திரும்பத் தொடங்கியது சரியான நடைமுறை என்றே நினைக்கிறேன். ஊசிக்குப் பின் வரும் விளைவுகளைப் பதிந்து கண்காணிக்கும் முறை இந்த நாட்டில் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டது. சனத்துக்கு அந்த முறை இருப்பதே தெரியாது. இறப்பு மட்டும் காதுக்கு வந்து சேர்கிறது, விசாரணையின் முடிவு வந்து சேர்வதில்லை. 2023இல் வெளியே வந்த போலி இம்யூனோகுளோபுலின் (நோயெதிர்ப்புப் புரத மருந்து) விவகாரம் இன்னும் மோசம். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த மருந்துக் கொள்வனவு வழக்கில் சுகாதார அமைச்சராக இருந்தவரே கைதான பிறகு, "இது நல்ல மருந்துதானோ மிஸி?" என்று ஒரு தாய் கேட்டால் அவளைக் கடிந்துகொள்ள யாருக்கு உரிமை இருக்கிறது?

மூன்றாவது, மலட்டுப் பயம். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2017இல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியைத் தொடங்கினார்கள். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. அந்தப் புற்றுநோயில் பெரும்பகுதிக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தடுப்பது அது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் பெரியபிள்ளையாகும் வயதில், அரசாங்கம் ஏன் ஊசி போடுகிறது என்ற கேள்வி உடனே எழுந்தது. "எங்கட பெட்டையளுக்குப் பிள்ளை பிறக்காமல் பண்ணப் போறாங்கள்" என்று ஒரு தாய் என் முகத்துக்கு நேரேயே சொன்னார். இந்தப் பயம் உலகத்தில் பல இடங்களிலும் வந்த பயம். ஆனால் வன்னியில் அதற்குத் தனி வேர் உண்டு. 2013 ஓகஸ்ட் முடிவில், பூநகரிப் பக்கத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், தாய்மாரின் முழுச் சம்மதம் இல்லாமல் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. போர் முடிந்து நான்கு வருடம். பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம். அந்தச் செய்தி எல்லாக் கிராமங்களுக்கும் போனது.

எச்.பி.வி. ஊசி மலடாக்காது. அதைத் தயங்காமல் சொல்கிறேன். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்பிள்ளைகளுக்குப் போட்டு, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்த ஊசி அது. என்றாலும், அந்தத் தாயிடம் "படிக்காத சனம், வதந்தியை நம்புது" என்று சொல்வது அநியாயம். சுகாதாரத் துறையில் வேலை செய்யும் நம் பக்கம் சம்மதம் கேட்கும் முறை பிழைத்தால், அதன் விலையைப் பத்து வருடம் கழித்து வேறொரு ஊசி கொடுக்கிறது. அந்தத் தாயின் மகளுக்குப் பிறகு ஊசி போட்டோம். எப்படி என்றால், அவரை உட்காரவைத்து, கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, இன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பி, அடுத்த கிழமை மிட்வைஃப் வீட்டுக்கே போய்ப் பேசிய பிறகு. மறுக்கலாம் என்ற கதவு திறந்திருந்ததால்தான் அவர் உள்ளே வந்தார்.

நான்காவது, கைத்தொலைபேசி. வன்னியில் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. பாரிஸில் இருந்து மச்சாள் ஒரு குரல்பதிவு அனுப்புவார், ஸ்காபரோவில் இருந்து சித்தப்பா ஒரு வீடியோ அனுப்புவார். சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசி போட்டால் ஓட்டிசம் வருமாம் என்பது அதில் முக்கியமானது. அந்தக் கதை 1998இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் தொடங்கியது. 2010இல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே அதை மீளப் பெற்றது, எழுதிய மருத்துவரின் பதிவும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6 இலட்சத்து 57 ஆயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது, ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஓட்டிசம் கூடவில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் சொல்லுக்கு இங்கே காசு அனுப்புகிறவரின் மதிப்பும் சேர்ந்துவிடுகிறது. அதை எதிர்த்துப் பேச வீட்டில் உள்ள இளம் தாய்க்குத் தைரியம் வராது. இந்த இடத்தில் உங்களைப் போன்ற ஆசிரியர்கள் பெரிய உதவி செய்யலாம்.

மருந்தே எடுக்கக்கூடாது என்று நம்பும் சபைகளைச் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றிரண்டும் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு.

இதுவரை சொன்னவர்கள் சந்தேகப்படுகிறவர்கள். இவர்களில் பெரும்பாலானோர் கடைசியில் ஊசி போட்டுவிடுகிறார்கள். ஊசி தவறும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே சந்தேகத்தைக் காணமாட்டீர்கள். துணுக்காய்ப் பக்கம் காட்டை ஒட்டிய ஒரு குடியேற்றத்தில் இருக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் இல்லை, அல்லது காணாமல் போனவர் பட்டியலில் இருக்கிறார். கச்சான் பிடுங்கவோ நெல் வெட்டவோ கூலிக்குப் போகிறார். கிளினிக் நாளும் கூலி கிடைக்கும் நாளும் ஒன்றாய் வந்தால் எதை விடுவார்? "ஊசி வேண்டாமெண்டு ஆர் சொன்னது, போகாட்டி அண்டைக்கு உலை வைக்கேலாது மிஸி" என்பதுதான் பதில். பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. மழைக்காலத்தில் பாதை தண்ணீருக்குள். போதாக்குறைக்கு அந்தப் பகுதி மிட்வைஃப் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார், பக்கத்துப் பிரிவு மிட்வைஃப் இரண்டு பிரிவையும் பார்க்கிறார், அவருக்கும் ஒரு ஸ்கூட்டிதான். மீன்பிடிப் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும் கரையோரக் குடும்பங்கள், இந்தியாவில் இருந்து திரும்பி வந்து கார்டை எங்கே காட்டுவது என்று தெரியாத குடும்பங்கள், இவர்களின் பிள்ளைகளுக்குத்தான் ஊசி தவறுகிறது.

இப்போது உங்கள் ஆசிரிய நண்பர்களின் யோசனைக்கு வருகிறேன். கட்டாயமாக்கினால் என்ன? வெளிநாடுகளில் நடந்ததைப் பார்ப்போம். இத்தாலி 2017இல் பத்து ஊசிகளைக் கட்டாயமாக்கியது. பிரான்ஸ் 2018இல் மூன்றாக இருந்ததைப் பதினொன்றாக்கியது. ஜேர்மனியில் 2020 மார்ச் முதல் சின்னமுத்து ஊசி போடாத பிள்ளையின் பெற்றோருக்கு 2,500 யூரோ வரை தண்டம் விதிக்கலாம். அவுஸ்திரேலியாவில் 2016இல் இருந்து ஊசி போடாவிட்டால் சில அரசாங்கக் கொடுப்பனவுகளை நிறுத்துகிறார்கள். பிரான்ஸில் இது பலன் தந்தது, ஊசி போடும் வீதம் கூடியது. ஏனென்றால் அங்கே இருந்த பிரச்சினை வேறு. 2018இல் உலகளவில் எடுத்த ஒரு கருத்துக் கணிப்பில், தடுப்பூசி பாதுகாப்பானது என்பதை பிரான்ஸில் மூன்றில் ஒருவர் ஏற்கவில்லை. தெற்காசியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஏற்றார்கள். வீட்டுக்கு அருகில் ஊசி இருந்தும் வேண்டாம் என்றவர்களை அங்கே சட்டம் இழுத்து வந்தது.

கட்டாயம் எதிர்ப்பைப் பெருக்கிய வரலாறும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1853இல் பெரியம்மை ஊசியைக் கட்டாயமாக்கித் தண்டமும் சிறையும் விதித்தார்கள். தண்டம் கட்ட முடியாத ஏழைகளின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். 1885இல் லெஸ்டர் நகரத்தில் பல்லாயிரம் பேர் வீதிக்கு வந்தார்கள். 1898இல் மனச்சாட்சிப்படி மறுப்பவர்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டி வந்தது.

வன்னியில் சட்டம் போட்டால் யாரைப் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வவுனியா நகரில் இணையத்தில் படித்துவிட்டு மறுக்கும் ஒருவர் தண்டத்தைக் கட்டிவிட்டுப் போவார். துணுக்காய்ப் பெண்ணால் கட்ட முடியாது. "அஸ்வெசும காசை நிறுத்தினால் தானாக வருவினம்" என்று ஓர் அதிகாரி கூட்டத்தில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் காசு. அதை நிறுத்தினால் அந்தப் பெண் இன்னும் ஒரு நாள் கூடக் கூலிக்குப் போவார், கிளினிக்குக்கு வரமாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயத்தில் பிடித்துக்கொண்டு போனதையும், முகாமுக்குள் கட்டாயத்தில் இருந்ததையும் அனுபவித்த தலைமுறை இது. எந்த அதிகாரமானாலும் பட்டியலோடு வந்து பிள்ளையின் பெயரைக் கேட்டால் உள்ளே ஒளித்துவைக்கிற பழக்கம் இவர்களுக்கு அனுபவம் கற்றுக்கொடுத்தது. மிட்வைஃப் அந்தப் பட்டியல்காரராக மாறிவிட்டால் நாம் இத்தனை வருடம் சேர்த்த நம்பிக்கை கரையும். கொவிட் காலத்தில் ஊசிக் கார்ட் இல்லாமல் பொது இடங்களுக்குப் போக முடியாது என்ற பேச்சு வந்ததும், தயங்கிக்கொண்டிருந்த சிலர் முழு எதிர்ப்பாளராக மாறியதை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்காக, இருக்கிறபடியே விட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2023இல் சின்னமுத்து இந்த நாட்டுக்குள் திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் யாழ்ப்பாணம் உட்படச் சில மாவட்டங்களில் 6 மாதம் முதல் 9 மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டி வந்தது. சின்னமுத்து மிக வேகமாகத் தொற்றும். அதை மறித்து நிறுத்த நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இரண்டு முறை ஊசி போட்டிருக்க வேண்டும். மாவட்டக் கணக்கில் தொண்ணூற்றைந்து இருந்தும், ஒரு குடியேற்றத்தில் பத்துப் பிள்ளைகள் தவறியிருந்தால் நோய்க்கு அது போதும். வயலும் குளமும் கொக்கும் நாரையும் நிறைந்த நம் மண்ணில், அந்தப் பறவைகளிடம் இருந்து நுளம்பு கொண்டுவரும் மூளைக்காய்ச்சலுக்கான ஊசியும் முக்கியம். எண்பதுகளின் நடுவில் பக்கத்து அனுராதபுரத்தில் அது பிள்ளைகளைக் கொன்ற பிறகுதான் 1988இல் அந்த ஊசி வந்தது.

ஆகவே நான் கேட்பது இவை. பாடசாலையில் சேர்க்கும்போது கார்டைக் கட்டாயம் பாருங்கள். ஊசி தவறிய பிள்ளையை வகுப்பில் சேர்த்துக்கொண்டே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுதுங்கள். வெறுமையாகக் கிடக்கும் மிட்வைஃப் இடங்களுக்கு இந்த மண்ணின் பிள்ளைகளைப் பயிற்றி எடுங்கள், தங்க ஒரு வீடும் கொடுங்கள். கூலி வேலைப் பருவத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளினிக் வையுங்கள். தூரக் குடியேற்றங்களுக்கு ஐஸ் பெட்டியோடு போங்கள். மண்ணெண்ணெய் இல்லாத காலத்திலேயே போனோம், இப்போது போக முடியாதா? இவ்வளவும் செய்த பிறகும் மறுப்பவர் மிஞ்சினால் அப்போது சட்டத்தைப் பற்றிப் பேசலாம். அன்றைக்கு நான் எதிர்க்கமாட்டேன்.

கடைசியாக உங்கள் அக்காவின் மகன். பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றரை வயதில் போட வேண்டியது முக்கூட்டு ஊசியின் நான்காவது முறையும் போலியோச் சொட்டும். தவறினால் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம், இப்போதே போடலாம். வவுனியாவில் அவர்கள் இருக்கும் பகுதியின் மிட்வைஃப்பிடம் பிள்ளையைப் பதியச் சொல்லுங்கள். பழைய இடத்தில் இருந்து கடிதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கார்ட் இருந்தால் போதும். கார்ட் தொலைந்திருந்தால் முல்லைத்தீவில் ஊசி போட்ட கிளினிக்கின் பதிவேட்டில் இருந்து திகதிகளை எடுத்துத் தருவார்கள். ஒரு வயதில் போடும் மூளைக்காய்ச்சல் ஊசியும் 9 மாதத்து எம்எம்ஆரும் போட்டிருக்கிறதா என்று கார்டில் சேர்த்துப் பாருங்கள், வீடு மாறும்போது ஒன்று தவறினால் இன்னொன்றும் தவறியிருக்கக்கூடும். முன்னைய ஊசிக்கு வலிப்போ உடம்பெல்லாம் தடிப்போ வந்திருந்தால் போடுவதற்கு முன்னரே சொல்ல வேண்டும். போட்ட பின் இருபது நிமிடம் கிளினிக்கிலேயே இருக்கச் சொல்லுங்கள். அன்றிரவு காய்ச்சல் வரலாம், பனடோல் பாணியைக் கைவசம் வைத்திருங்கள். இரண்டாவது எம்எம்ஆர் மூன்று வயதில் போட வேண்டும், அதற்கான திகதியையும் அன்றைக்கே கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.